‘அவர் அப்படித்தான்’: மட்டக்களப்புக் கந்தோர் ஒன்றில் ஒரு நிகழ்வு ஆய்வு

மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கே, எழுவான்கரையில் இருக்கிற ஒரு அரச அலுவலகத்தில் 2023 நடுப்பகுதி தொடக்கம் 2024 முடியும்வரை நடந்த விடயம் இது: மூத்த உத்தியோகத்தர் ஒருவர் இளைய உத்தியோகத்தர் ஒருவரைப் பகிடி என்ற பெயரில் எல்லோருக்கும் முன்னால் மட்டம் தட்டிக்கொண்டிருந்தார். சம்பந்தப்பட்டவர்கள் இன்னும் வேலையில் இருக்கிறார்கள். அதனால் அலுவலகத்தின் பெயரும் ஆட்களின் பெயரும் இங்கே இல்லை. அடையாளம் காட்டிக்கொடுக்கக்கூடிய சில விபரங்களை மாற்றியிருக்கிறேன். பேச்சை மட்டும் கூடியவரை சொன்னபடியே விட்டிருக்கிறேன், ஏனென்றால் விடயமே பேச்சில்தான் இருக்கிறது.

அலுவலகங்களில் ஆளணிப் பயிற்சி நடத்துவது என் தொழில். அந்த வழியில்தான் இது என்னிடம் வந்தது. முதலில் பாதிக்கப்பட்டவர் பேசினார். பிறகு அங்கிருந்த நிர்வாக உத்தியோகத்தர். கடைசியில், எதிர்பாராத விதமாக, மட்டம் தட்டியவரே வந்து பேசினார். மூவர் சொன்னதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது, ‘குணம் கெட்ட மனிதர்’ என்ற விளக்கம் எனக்குப் போதவில்லை. அந்தக் கந்தோரில் கடிதம், லீவு, வவுச்சர், சுற்றுநிருபம் எல்லாம் ஒரே மேசையைத் தொட்டுத்தான் போயின. அந்த மேசைக்காரருக்கு வாய் நீளாமல் இருந்திருந்தால்தான் ஆச்சரியம்.

இருவர்

மூத்தவர் முகாமைத்துவ சேவை உத்தியோகத்தர், சேவை இருபது வருடத்துக்கு மேல். உயர்தரம் முடித்து, போட்டிப் பரீட்சை எழுதி, யுத்தம் நடந்துகொண்டிருந்த நேரம் எழுதுவினைஞராக வந்தவர். சோதனைச் சாவடிகளில் இறங்கி ஏறி, கோவைகளைச் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு போன காலம் அது. 2004 சுனாமிக்குப் பிறகும், 2011 ஜனவரி வெள்ளத்திலும் நிவாரணப் பட்டியல்களோடு இரவிரவாக விழித்திருந்தவர். இதையெல்லாம் அடிக்கடி சொல்லுவார். பொய் இல்லை. அரச செலவுக்கான விதிகளான நிதிப் பிரமாணத்தில் 137 என்றால் அனுமதி, 138 என்றால் அத்தாட்சி, 139 என்றால் கொடுப்பனவு என்று புத்தகம் திறக்காமல் சொல்லக்கூடியவர்கள் எந்தக் கந்தோரிலும் ஒருவரோ இருவரோதான் இருப்பார்கள். அங்கே அவர் ஒருவர்தான்.

இளையவர் படுவான்கரைக் கிராமம் ஒன்றைச் சேர்ந்தவர். குடும்பத்தில் முதல் பட்டதாரி, வந்தாறுமூலைக் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் படித்தவர். 2020 செப்டெம்பரில் அரசாங்கம் 50,000 பட்டதாரிகளைப் பயிலுநர்களாக எடுத்தபோது, மாதம் 20,000 ரூபாய் கொடுப்பனவில் வந்தார். பிறகு அபிவிருத்தி உத்தியோகத்தராக உள்வாங்கப்பட்டார். இந்த அலுவலகத்துக்கு வந்தது 2023 இல்.

அரச சேவை தெரிந்தவர்களுக்கு இங்கேயே ஒன்று உறுத்தும். 2016 சம்பளச் சுற்றுநிருபத்தின்படி முகாமைத்துவ சேவை உத்தியோகத்தர் எம்.என்.-2, அபிவிருத்தி உத்தியோகத்தர் எம்.என்.-4. நேற்று வந்தவரின் சம்பளத் தொகுதி, இருபது வருடம் கோவை கட்டியவரின் தொகுதிக்கு மேலே. இதை இளையவர் தீர்மானிக்கவில்லை, மூத்தவரும் தீர்மானிக்கவில்லை. எங்கேயோ கொழும்பில் போட்ட ஒரு அட்டவணை, இங்கே இரண்டு கதிரைகளுக்கு நடுவில் வந்து உட்கார்ந்துகொண்டது.

அடுத்தது ஊர். வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரை வயலும் மாடும் பாலும் தயிருமான பூமி, யுத்தத்தில் நன்றாக அடிபட்ட பூமி. மண்முனைப் பாலம் 2014 இல் திறக்கும்வரை அந்த இடத்தில் பாதைதான், அதாவது வாகனத்தையும் ஆட்களையும் ஏற்றி வாவியைக் கடக்கிற மிதவை. குருமண்வெளிக்கும் மண்டூருக்கும் இடையில் பாதை நீண்டகாலமாக ஓடுகிறது, குருக்கள்மடத்துக்கும் அம்பிலாந்துறைக்கும் இடையிலும் அப்படித்தான். அந்தப் பக்கத்து உத்தியோகத்தர்கள் ‘பாதை பிந்திப்போச்சு’ என்று சொல்லிக்கொண்டு வருவது டவுண் பக்கத்துக் கந்தோர்களில் ஒரு பழைய பகிடி. இளையவர் எந்த வழியால் வேலைக்கு வருகிறார் என்று நான் எழுதப்போவதில்லை. பாலம் கட்டியும் பகிடி போகவில்லை என்பது மட்டும் இங்கே போதும்.

பகிடி

2023 நடுப்பகுதி, அரசாங்கத்தின் நலன்புரிக் கொடுப்பனவான அஸ்வெசுமவுக்கு மேன்முறையீட்டுக் காலம். பட்டியலில் பெயர் வராத சனம் காலையிலேயே வரிசையில் நின்றது. அந்தக் கூட்டத்துக்கு முன்னால்தான் தொடங்கியது. ஒரு முதியவர் இளையவரின் மேசைக்குப் போய் ஏதோ கேட்டபோது, மூத்தவர் தன் கதிரையில் இருந்தபடியே சத்தமாகச் சொன்னார்: “இவவுக்கிட்டக் கேக்காதீங்க ஐயா, இவ இன்னும் படிச்சிக்கிட்டு இரிக்கா. இஞ்சால வாங்க.” கிளையில் எல்லோரும் சிரித்தார்கள். முதியவரும் எதற்கென்று தெரியாமல் சிரித்துக்கொண்டு மேசை மாறினார்.

பிறகு அது வழக்கமாகிவிட்டது. காலையில் உள்ளே வந்தால், “டிகிரி வருது, எழும்பி நில்லுங்க.” ஒரு கோவையில் பக்க எண் பிசகினால், “என்ன கா, பட்டியில மாடு எண்ணுற மாதிரி எண்ணினியா?” அவர் எழுதிய கடித வரைவு ஒன்றைச் சிவப்பு மையால் சுழித்து, வகுப்பில் வாசிப்பதுபோல முழுக் கிளைக்கும் வாசித்துக் காட்டினார். மூன்று எழுத்துப்பிழை இருந்தது உண்மை. அந்த மூன்றையும் மேசைக்கு அழைத்துச் சொல்ல அரை நிமிடம் போதும்.

கூப்பிடுகிற முறையையும் கவனிக்க வேண்டும். எங்கள் பக்கத்துக் கந்தோர்களில் பெண் உத்தியோகத்தரைச் சனத்துக்கு முன்னால் ‘மிஸ்’ என்பார்கள். தனியே இருக்கும்போது தங்கச்சி, அக்கா. ‘கா’ போட்டுப் பேசுவது வீட்டுப் பேச்சு. அன்பான வாயில் அது இனிக்கும், இந்த ஊருக்கே உரிய இனிமை அது. மூத்தவர் மற்றப் பெண் உத்தியோகத்தர்களைச் சனத்துக்கு முன்னால் ‘மிஸ்’ என்றார். இவரை மட்டும் ‘கா’, அதுவும் ‘நீ’ சேர்த்து. இதை எழுத்தில் முறைப்பாடாகக் கொடுத்தால் வெளியூரில் இருக்கிற ஒரு விசாரணை உத்தியோகத்தருக்கு என்ன விளங்கும்? ஒன்றும் விளங்காது. மட்டம் தட்டுகிற ஆட்களுக்கு இது நன்றாகவே தெரியும்.

வேலைத்தலத்து மரியாதைக்குறைவைப் பற்றி 1999 இல் எழுதிய லின் அண்டர்சன், கிறிஸ்டின் பியர்சன் என்ற இரு ஆய்வாளர்களும் அதன் அடையாளமாகச் சொன்னது இதைத்தான்: ஒவ்வொரு செயலும் சின்னது, காயப்படுத்த வேண்டும் என்றுதான் செய்தாரா என்பது தெளிவில்லாதது. எங்கள் ஊரில் அதற்கு ஒரு தயார்ப் பதில் இருக்கிறது: “பகிடிக்குத்தானே சொன்னன்.” பகிடி என்று ஒருவர் சொல்லிவிட்டால், பிறகு நோவதே நொந்தவரின் குற்றம் ஆகிவிடுகிறது.

சிரித்தவர்கள்

அந்தக் கிளையில் இருந்தவர்கள் கெட்டவர்கள் இல்லை. இளையவருக்குச் சாப்பாட்டில் பங்கு கொடுத்தவர்கள், மழை நாளில் மோட்டார்சைக்கிளில் கொண்டுபோய் பஸ்சில் ஏற்றிவிட்டவர்கள். ஆனால் மூத்தவர் வாய் திறந்தால் கொடுப்புக்குள் ஒரு சிரிப்பு வந்துவிடும். ஏன் என்று அவர்களில் ஒருவரிடம் பிறகு கேட்டேன். “லீவுப் படிவம் அவருட மேசையாலதான் போகணும். சம்பள ஏற்றம் அவர்தான் போடணும். சிரிக்காட்டி அடுத்தது நாங்கதான்.” இதைவிடத் தெளிவாக எந்தப் புத்தகமும் சொல்லாது.

இளையவர் முதலில் பேசாமல் இருந்தார். பிறகு வரைவுகளை நாலு தரம் வாசித்துவிட்டுக் கொடுக்கத் தொடங்கினார், அதனால் வேலை பிந்தியது. பிறகு லீவு. வருடத்துக்கு 21 நாள் சமயோசித லீவு, 24 நாள் ஓய்வு லீவு. நவம்பர் வரும்போது சமயோசித லீவு தீர்ந்துவிட்டது. லீவுப் படிவமும் அதே மேசைக்குத்தானே போகும், அங்கேயும் ஒரு பகிடி: “இண்டைக்கு என்ன, மாடு கண்டு போட்டிட்டா?”

அந்த மாதத்தில் ஒருநாள் இளையவர் எல்லோருக்கும் முன்னால் வெடித்தார். அழுகையும் கத்தலும் சேர்ந்து வந்தது. மூத்தவர் கையை விரித்து மற்றவர்களைப் பார்த்தார்: “பாருங்க, ஒரு பகிடியத் தாங்க ஏலா. இவங்களோட எப்படி வேலை செய்யுற?” அன்றைய கணக்கில் அவர் வென்றார். சபைக்கு நடுவில் மட்டம் தட்டுகிறவரைச் சபைக்கு நடுவிலேயே எதிர்ப்பது அநேகமாக இப்படித்தான் முடியும். அது அவர் நின்று பழகிய மேடை.

டிசம்பர் வவுச்சர்

இந்த இடத்தில்தான் விடயம் மனவருத்தம் என்ற கட்டத்தைத் தாண்டி அலுவலகப் பிரச்சினை ஆனது. கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

அரச கணக்கில் வருடம் டிசம்பர் 31 உடன் முடிகிறது. அதற்குள் செலவழிக்காத ஒதுக்கீடு திறைசேரிக்குத் திரும்பிப் போகும். அதனால் காசு கொடுப்பதற்கான வவுச்சர்களைக் கணக்குக் கிளைக்குக் கொடுக்க ஒவ்வொரு அலுவலகமும் உள்ளுக்குள் ஒரு கடைசித் திகதி வைக்கும். இளையவர் பார்த்துக்கொண்டிருந்தது வாழ்வாதார உதவி: வீட்டுத்தோட்டத்துக்கு நாற்றும் வேலிக் கம்பியும் கொடுக்கிற ஒரு சின்ன வேலை. பொருட்கள் போய்ச் சேர்ந்துவிட்டன. நாற்றுக் கொடுத்தவர்கள் ஊரில் உள்ள பெண்கள் குழு ஒன்று. கையில் பற்றுச்சீட்டு இருந்தது. இனி வவுச்சர் போட வேண்டியதுதான்.

அந்த வருடம் கடைசித் திகதி முன்னுக்கு வந்திருந்தது. அறிவித்த கடிதம் மூத்தவரின் மேசை லாச்சிக்குள் இருந்தது. மறைத்து வைத்தார் என்று சொல்ல முடியாது. தபால் பதிவேட்டில் பதிவு இருக்கிறது, மற்றவர்கள் வழக்கம்போல அவரிடம் போய் “என்ன அண்ணன், ஏதும் வந்திரிக்கா?” என்று கேட்டுத் தெரிந்துகொண்டார்கள். இளையவர் அந்த மேசைப் பக்கமே போகவில்லை. போனால் ஒரு பேச்சு வாங்க வேண்டும். அதற்குப் பயந்து விலகி நடந்தவர், பழைய திகதியை நம்பி வவுச்சரைக் கொண்டுபோனபோது கணக்குக் கிளை ஏற்கவில்லை. ஒதுக்கீடு போய்விட்டது. நாற்றுக் கொடுத்த பெண்கள் அடுத்த வருடத்துக் காசுக்காகக் காத்திருந்தார்கள்.

மூத்தவர் சொன்னது: “பதிவேட்டில கிடக்கு, வந்து பாத்தா என்ன? நான் அப்பவே சொன்னன், இவவுக்கு ஏலா எண்டு.”

இந்த வாக்கியத்தை நான் பலமுறை யோசித்திருக்கிறேன். ஒரு ஆளைப் பயப்படுத்துகிறார்கள். பயந்தவர் தகவல் இருக்கிற இடத்துக்குப் போகாமல் விடுகிறார். தகவல் இல்லாததால் பிழை விடுகிறார். பிழை வந்ததும் ‘பார்த்தீர்களா’ என்கிறார்கள். வெளியிலிருந்து பார்ப்பவருக்குக் கடைசிப் பிழை மட்டும்தான் தெரியும். செயலாற்றுகை மதிப்பீட்டுப் படிவத்திலும் அது மட்டும்தான் வரும்.

கிடைத்த புத்திமதிகள்

அம்மா சொன்னார்: “பொறுத்துப் போ மகள், அரசாங்க வேலை.” மாமா ஒருவர் தொழிற்சங்கத்தில் சொல்லச் சொன்னார். சங்கம் நல்ல வழிதான், ஆனால் அங்கே மூத்தவர்தான் கிளைச் செயலாளர். சிநேகிதி ஒருத்தி பெட்டிசம் போடச் சொன்னாள், பெயர் இல்லாமல். மொட்டைப் பெட்டிசம் எழுதுவது எங்கள் மாவட்டத்தில் ஒரு கலை. அதற்கு எதிரான என் நியாயம் ஒழுக்கம் பற்றியது இல்லை. அந்தக் கடிதம் தபாலில் வந்து முதலில் யாருடைய மேசையில் உடைபடும்? உள்வரும் தபால் அவரிடம். அவரே திகதி முத்திரை குத்தி, பதிவு இலக்கம் போட்டு மேலே அனுப்புவார். அன்றைக்குப் பின்னேரமே எழுதியது யார் என்று கந்தோர் முழுக்கப் பேசும், பிழையான ஆளின் பெயரைச் சொன்னாலும் சொல்லும்.

இடமாற்றம் கேட்கலாம் என்றார்கள். கேட்கலாம்தான். பதிலாள் கிடைக்க வேண்டும், வருடாந்த இடமாற்றத்துக்குக் காத்திருக்க வேண்டும். அதைவிட, ‘வவுச்சரைக் கோட்டை விட்டவர்’ என்ற பெயர் அவருக்கு முன்னாலேயே புதிய இடத்துக்குப் போயிருக்கும். சில நேரம் விலகிப் போவதுதான் சரி. உடம்பு கெட்டு, இரவில் நித்திரை இல்லாமல், காலையில் பஸ் வரும்போது வாந்தி வருகிற அளவுக்குப் போனவர்களிடம் நான் ‘நின்று போராடு’ என்று சொன்னதில்லை. இவர் அந்த இடத்துக்கு இன்னும் போகவில்லை, போகவும் விரும்பவில்லை.

செய்தது

ஜனவரியில் அவரிடம் முதலில் சொன்னது, ஒரு கொப்பி வைத்து எழுதுங்கள் என்று. அநேகர் இதைச் செய்வார்கள், ஆனால் எழுதுவது மனவருத்தத்தை: ‘இன்றைக்கும் என்னை அவமானப்படுத்தினார்.’ அது டயரி. வீட்டில் இருக்கட்டும். இந்தக் கொப்பியில் வேண்டியது வேறு: திகதி, நேரம், சொன்ன வார்த்தை அப்படியே, பக்கத்தில் யார் யார், முக்கியமாக அதனால் எந்த வேலை நின்றது. முதல் இரண்டு கிழமை அவரால் கடைசிப் பகுதியை நிரப்ப முடியவில்லை. பிறகுதான் கண் திறந்தது. சனம் மேசை மாறிப் போனது, ஒரு வரைவு மூன்று நாள் கிடந்தது, சுற்றுநிருபம் பிந்திக் கிடைத்தது எல்லாம் ஒவ்வொன்றாக வந்து விழுந்தன.

அடுத்தது, தனியே ஒரு பேச்சு. சனம் இல்லாத நேரம், அவருடைய மேசைக்கு இவரே போய். என்ன சொல்வது என்பதை நானும் இளையவரும் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்துச் சுருக்கினோம். முதல் வடிவத்தில் ‘நீங்கள் எப்போதும்’, ‘உங்களுக்கு என்னில் என்ன கோபம்’ எல்லாம் இருந்தது. எஞ்சியது இவ்வளவுதான்: “அண்ணன், என்ர வேலையில பிழை இருந்தா என்னக் கூப்பிட்டுச் சொல்லுங்க, நான் திருத்துறன். சனத்துக்கு முன்னால சொல்லாதீங்க. ஊரப் பத்தியும் சொல்லாதீங்க.” அழாமல் சொல்ல முடிந்தது. மூத்தவர் சிரித்தார், “என்ன கா, இதுக்கெல்லாம் கோவமா” என்றார். இரண்டு கிழமை அமைதி. மூன்றாம் கிழமை திரும்பவும் மாடு வந்தது.

இது தோல்வி இல்லை என்று நான் நினைக்கிறேன். நேரே சொல்லியாகிவிட்டது, திகதி கொப்பியில் இருக்கிறது. இனி மேலே போகும்போது ‘அவரிடம் சொன்னீர்களா?’ என்ற முதல் கேள்விக்குப் பதில் உண்டு.

மார்ச்சில் நிர்வாக உத்தியோகத்தரிடம் போனார். அவருடைய முதல் வாக்கியம்தான் இந்த ஆய்வின் தலைப்பு: “அவர் அப்படித்தான் மிஸ். ஆனா வேலைகாரன். அவர் ஒரு கிழமை லீவு போட்டா இந்தக் கந்தோர் ஓடாது.” இளையவர் பேச்சு வாங்கிய கதையை எடுக்காமல், கொப்பியின் கடைசிப் பகுதியை மட்டும் எடுத்தார். டிசம்பர் வவுச்சரை எடுத்தார். திரும்பிப் போன ஒதுக்கீட்டைப் பற்றிக் கணக்காய்வு வினா வந்தால் பதில் எழுத வேண்டியவர் யார் என்று கேட்டார். நிர்வாக உத்தியோகத்தர் கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்தது அப்போதுதான் என்று இளையவர் சொன்னார். நிர்வாக உத்தியோகத்தரும் அதை மறுக்கவில்லை: “அழுதிருந்தா ஆறுதல் சொல்லி அனுப்பியிருப்பன்.”

இதில் ஒரு கசப்பு இருக்கிறது. ஒரு பெண்ணின் மானம் போனபோது அசையாத கதிரை, கணக்காய்வு என்றதும் அசைந்தது. சரி, கதிரையை அசைக்கிற கயிறு எதுவோ அதைப் பிடித்து இழுப்பதுதான் அந்த நேரத்துக்கு வழி.

ஏப்ரலில் நிர்வாக உத்தியோகத்தர் செய்ததைப் பார்த்தால் மிகச் சாதாரணம். யாரையும் கூப்பிட்டு ஏசவில்லை, விளக்கம் கேட்டுக் கடிதம் கொடுக்கவில்லை. கடமைப் பட்டியலைத் திருத்தினார். உள்வரும் தபால் வேறு ஒருவருக்குப் போனது. ஒவ்வொரு விடயத்துக்கும் பதில் கடமைக்கு இன்னொரு ஆளைப் போட்டார். வருகிற சுற்றுநிருபம் ஒவ்வொன்றிலும் ஒரு பிரதி, அலுமாரிக்கு மேலே எல்லோரும் எடுக்கக்கூடிய ஒரு பொதுக் கோவையில். வரைவில் திருத்தம் இருந்தால் வாயால் இல்லை, குறிப்புத்தாளில் எழுதி, கையொப்பம் வைத்து, திகதி போட்டு.

கடைசி விதிதான் வேலை செய்தது. குறிப்புத்தாள் கோவையோடு வாழ்நாள் முழுக்க இருக்கும், மேலதிகாரி பார்ப்பார், கணக்காய்வு பார்க்கும். ‘மாடு எண்ணுற மாதிரி’ என்று அதில் யாரும் எழுதிக் கையொப்பம் வைக்கமாட்டார்கள். மூத்தவரின் முதல் குறிப்பை இளையவர் எனக்குச் சொல்லிக் காட்டினார்: ‘பந்தி 2 இல் தொகை எழுத்திலும் குறிப்பிடப்பட வேண்டும். இணைப்பு இலக்கம் விடுபட்டுள்ளது.’ சுத்தமான, பயனுள்ள திருத்தம். இவ்வளவு நாளும் அதே அறிவுதான் அந்த மனிதரிடம் இருந்தது.

கே.கே.எஸ். அக்கா

மே மாதத்தில் நடந்தது இது, எந்தத் திட்டத்திலும் இல்லாதது. சனம் இருந்த நேரம் மூத்தவர் வழக்கம்போல ஒன்றைத் தொடங்கினார். வழக்கமாகச் சிரிப்பு எழுகிற இடத்தில், தேத்தண்ணி கொண்டுவந்த கே.கே.எஸ். அக்கா, அதாவது அலுவலக உதவியாளர், தட்டை மேசையில் வைத்துவிட்டு, “ஐயா வெயிலுக்குள்ள வந்து நிக்கார், மிஸ் முதல்ல அவருட வேலையப் பாருங்க” என்றார். அவ்வளவுதான். கண்டிக்கவில்லை, மூத்தவர் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பகிடி பாதியில் நின்றது. தபால் மேசை கைமாறி ஒரு மாதம் ஆகியிருந்ததும் மற்றவர்கள் சிரிக்காமல் இருந்ததற்குக் காரணமாக இருக்கலாம்.

பக்கத்தில் இருப்பவர்கள் ‘நாங்கள் என்ன செய்வது’ என்று கேட்கும்போது நான் இந்த அக்காவைத்தான் சொல்கிறேன். வீரம் தேவையில்லை. பேச்சை வேலைக்குத் திருப்பினால் போதும், மட்டம் தட்டப்பட்டவரை அவருக்குரிய பெயரால் கூப்பிட்டால் போதும்.

மூத்தவரின் பக்கம்

ஒரு பயிற்சி முடிந்து நான் புறப்படும்போது அவரே வந்தார். “என்னைப் பத்தித்தான் கதைச்சிருப்பீங்க” என்றார். நான் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அவர் வேலைக்கு வந்த முதல் வருடம், அன்றைய பிரதம எழுதுவினைஞர் கோவையை முகத்தில் எறிந்தாராம். “அப்பிடித்தான் நாங்க பழகினம். இவங்க சோதினையும் எழுதல்ல, அடியும் வாங்கல்ல. எனக்கு மேல சம்பளம்.” பிறகு இன்னொன்றும் சொன்னார்: “அந்தப் புள்ளைக்கு வேலை பழக்கினது நான்தான். வேறொருத்தரும் பழக்கல்ல.”

அது உண்மை என்று இளையவரும் ஒப்புக்கொண்டார். வவுச்சர் எழுதவும், கோவைக்கு இலக்கம் போடவும் சொல்லிக் கொடுத்தது அவர்தான். ஆனால் சொல்லிக் கொடுக்கிற பேச்சையும் மட்டம் தட்டுகிற பேச்சையும் பிரிப்பது அவ்வளவு கஷ்டமில்லை. பிழை எங்கே என்று சொன்னால், கேட்டவர் போய்த் திருத்தலாம். ஆள் யார், ஊர் எது என்று சொன்னால் எதைப் போய்த் திருத்துவது? சம்பளத் தொகுதி பற்றிய அவருடைய ஆதங்கம் நியாயமானது, அதைக் கேட்க வேண்டிய இடம் வேறு. அதை அவரிடம் சொன்னேன். பதில் சொல்லவில்லை, என் பையைத் தூக்கிக்கொண்டு வந்து வாகனம்வரை விட்டார்.

சட்டம் எங்கே வரும்

சுருக்கமாக. அரச உத்தியோகத்தரின் நடத்தையும் ஒழுக்காற்று நடைமுறையும் தாபன விதிக்கோவையின் இரண்டாம் தொகுதியில், 47 ஆம், 48 ஆம் அத்தியாயங்களில் இருக்கின்றன. ஆரம்ப விசாரணை, குற்றப்பத்திரம், முறையான விசாரணை என்று அது நீண்ட பாதை. சாட்சி வேண்டும். சிரித்தவர்கள் சாட்சி சொல்ல வருவார்களா என்பதை முதலில் யோசிக்க வேண்டும். முறைப்பாட்டை ‘ஊடாக’ என்று போட்டு உரிய வழியில் அனுப்புவது நல்லது, ஒரு பிரதியில் திகதியோடு கையொப்பம் வாங்கி வைத்திருப்பது அதைவிட நல்லது.

பேச்சில் பாலியல் சாடை கலந்தால் கதை வேறு. 1995 திருத்தத்துக்குப் பிறகு தண்டனைச் சட்டக் கோவையின் 345 ஆம் பிரிவு அதைக் குற்றமாக்குகிறது, சொல்லால் செய்தாலும் குற்றம். அந்த இடத்தில் கொப்பி, தனிப்பேச்சு என்று காத்திருக்கத் தேவையில்லை. மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு மட்டக்களப்பிலும் கல்முனையிலும் பிராந்திய அலுவலகங்கள் உண்டு. அது பார்ப்பது நிறைவேற்று, நிர்வாகச் செயல்களால் வரும் அடிப்படை உரிமை மீறலை. சக உத்தியோகத்தரின் நக்கல் அதற்குள் அடங்குவது கஷ்டம், முறைப்பாடு செய்ததற்காகப் பழிவாங்கி இடம் மாற்றினால் அங்கே கதவைத் தட்டிப் பார்க்கலாம். சர்வதேச தொழிலாளர் அமைப்பின் 2019 ஆம் ஆண்டுச் சமவாயம், இலக்கம் 190, ஒரேயொரு முறை நடந்தாலும் உளத்துக்குத் தீங்கு வந்தாலும் வேலைத்தல வன்முறை, தொந்தரவு என்ற வரைவிலக்கணத்துக்குள் அவற்றைக் கொண்டுவருகிறது. பயிற்சிகளில் அந்த வரைவிலக்கணத்தை வாசிக்கும்போது மண்டபம் கொஞ்சம் அமைதியாவதைக் கண்டிருக்கிறேன்.

தனியார் நிதிக் கம்பனிகளில், கடைகளில் நிலைமை வேறு. அங்கே மட்டம் தட்டுகிறவர் பெரும்பாலும் இலக்கு கொடுக்கிற முகாமையாளராகவே இருப்பார், குறிப்புத்தாளும் இருக்காது. இந்த நிகழ்விலிருந்து அங்கே எடுத்துப்போகக்கூடியது கொப்பி மட்டும்தான்.

2024 முடிவில்

மூத்தவர் மன்னிப்புக் கேட்கவில்லை. சனத்துக்கு முன்னால் ‘மிஸ்’ என்கிறார், தனியே இருந்தால் இன்னும் ‘கா’தான். ஊர்ப் பகிடி இரண்டு மூன்று தரம் வந்து, சிரிக்க ஆள் இல்லாமல் போனது. எக்செல்லில் சம்பளப் பட்டியல் பிழைத்தால் இளையவரைக் கூப்பிடுகிறார், அவரும் போகிறார். நண்பர்கள் ஆகவில்லை, ஆக வேண்டிய தேவையும் இல்லை. நாற்றுக் கொடுத்த பெண்களுக்குக் காசு பிந்தித்தான் கிடைத்தது.

வருட முடிவில் நிர்வாக உத்தியோகத்தருக்கு இடமாற்றம் வந்தது. புதியவர் வந்து முதல் கிழமையில் கேட்ட கேள்விகளில் ஒன்று, உள்வரும் தபாலை ஏன் அனுபவம் உள்ளவரிடம் கொடுக்கவில்லை என்பது. கடமைப் பட்டியலை மாற்ற அவருக்கு அதிகாரம் உண்டு. இளையவர் ஏப்ரல் உத்தரவின் பிரதியையும் டிசம்பர் வவுச்சர்க் கோவையையும் எடுத்துக்கொண்டு போய்க் காட்டியிருக்கிறார். புதியவர் வைத்துவிட்டுப் போகச் சொன்னாராம். நான் கடைசியாகப் பேசியபோது தபால் மேசை மாறவில்லை, முடிவும் எழுத்தில் வரவில்லை.